டால்டா டப்பா மாயாவி

எனக்கு இதுவரை இரண்டு தடவை இரும்புக்கை வாய்த்திருக்கிறது. முதல் தடவை ஒன்பது வயதில். அது டால்டா டப்பா. இரண்டாம் தடவை இரண்டு மாதத்துக்கு முன்னால், அது மாவுக்கட்டு. காமிக்ஸில் வரும் இரும்புக்கை மாயாவிக்குக் கரண்ட் பட்டால் உடம்பு மறைந்துவிடும். எனக்கு இரண்டு தடவையும் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

எங்கள் பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க வேண்டுமென்றாலே அரியலூருக்குப் பஸ் ஏற வேண்டும். அந்த அரியலூரில்தான் மாமா சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்தார். வார லீவில் எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் உட்கார்ந்து எழுந்த திண்ணையில், உட்கார்ந்த அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கும். அம்மா அதைத் துடைத்துக்கொண்டே, "குளிச்சிட்டு வரப்படாதா தம்பி" என்பார். "குளிச்சிட்டுத்தான்க்கா வந்தேன்" என்பார் மாமா. அந்த மாமாவின் மஞ்சப்பையில் எனக்கென்று முத்து காமிக்ஸ் இருக்கும். சிவகாசியில் 1972இல் சௌந்தரபாண்டியன் தொடங்கியது. முதல் புத்தகமே இரும்புக்கை மாயாவி. மாமா கொண்டுவருவது பல கை மாறி, அட்டை போய், கடைசிப் பக்கமும் போய் வந்து சேரும். வில்லன் பிடிபட்டானா என்று எனக்கு இன்றுவரை தெரியாத கதைகள் நாலைந்து இருக்கின்றன.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லூயி கிராண்டேல் என்று ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய் இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் தாக்கினால் ஆள் மறைந்துவிடுவார், அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அவ்வளவுதான் சக்தி. பறக்கத் தெரியாது, மலையைத் தூக்கத் தெரியாது. ஒரு ஸ்விட்ச்போர்டு கிடைத்தால் போதும், உலகத்தையே காப்பாற்றிவிடுவார். 2012இல் எங்கள் ஊரில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் புழுங்கிக் கிடந்தபோது நான் அவரைத்தான் நினைத்துக்கொண்டேன். பெரம்பலூருக்கு வந்திருந்தால் பாவம், வில்லனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு "கரண்ட் எப்ப சார் வரும்" என்று அவனிடமே கேட்டிருப்பார்.

ஒன்பது வயதில் எனக்கு இந்த நடைமுறைச் சிக்கலெல்லாம் தெரியாது. தெரிந்ததெல்லாம், எனக்கும் ஒரு கை வேண்டும். அடுப்படியில் காலி டால்டா டப்பா ஒன்று, மஞ்சளாக, பனைமரம் போட்டு இருந்தது. வலது கையை விட்டேன். போயிற்று. மாயாவி மாதிரி முஷ்டியை மடக்கிக்கொண்டு, கொல்லையில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியைச் சர்வதேசக் கடத்தல்காரனாக நியமித்து, ஒரு கால் மணி நேரம் துரத்தினேன். அப்புறம் பசித்தது. கையை உருவினேன். வரவில்லை.

அம்மா இழுத்தார். பக்கத்து வீட்டு அத்தை இழுத்தார். தேங்காய் எண்ணெய் விட்டார்கள், பார் சோப்பைக் கரைத்து விட்டார்கள். அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, வாத்தியார் என்பதால் முதலில் ஒரு அறை விட்டார். டப்பா அதற்கும் அசையவில்லை. கடைசியில் என்னைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக் கடைவீதி வழியாகத் தகரக் கடைக்கு அழைத்துப் போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் போகும்போது எதிரில் என் வகுப்புப் பையன்கள் மூன்று பேர். நான் டப்பாவை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது கேரியரில் இடித்து 'டங்' என்றது. மாயாவி எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறார், ஒரு இடத்திலும் அவர் கை 'டங்' என்று சத்தம் போட்டு நான் படித்ததில்லை.

தகரக் கடைக்காரர் கத்திரியை எடுத்துவிட்டார். அப்போதுதான் பின்னாலேயே நடந்து வந்து சேர்ந்த என் அப்பாயி, வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "ஏன்டா, உள்ள விரல விரிச்சிருக்கியா, மடக்கியிருக்கியா?" என்று கேட்டார்.

மடக்கியிருந்தேன். மாயாவி மடக்கித்தானே வைத்திருப்பார்?

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் அந்தக் கதைகளில் மாயாவி சிரிக்க மாட்டார், அதில்தான் விஷயமே இருக்கிறது. இங்கிலாந்தில் 'வேலியன்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் ஆரம்பித்த தொடர் அது. வாரம் சில பக்கம்தான் இடம். அடுத்த வாரம் பையன் காசோடு வரவேண்டுமே, அதனால் ஒவ்வொரு வாரக் கடைசிக் கட்டத்திலும் மாயாவி எதிலிருந்தாவது விழுந்தாக வேண்டும். அதை மொத்தமாகச் சேர்த்துச் சிவகாசியில் ஒரே புத்தகமாகப் போட்டால் என்ன ஆகும்? பக்கத்துக்குப் பக்கம் மனிதர் மேலிருந்து விழுந்துகொண்டே இருப்பார். மாமா அதைப் படித்துவிட்டு, "இவருக்கு ஆலையில வேலை குடுத்தா முதல் வாரமே ஆளக் காணோம்னு தேடணும்" என்பார். ஆனால் மாயாவி மட்டும் சிரிக்கவே மாட்டார். விழும்போதுகூடத் தூய தமிழில், முழு வாக்கியத்தில், தனக்கு நேர்ந்திருக்கும் ஆபத்தை நமக்கு விளக்கிக்கொண்டே விழுவார்.

அப்புறம் 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. ஸ்பைடர் வந்தார். நீங்கள் நினைக்கிற சிவப்பு நீலச் சட்டைப் பையன் இல்லை. இவர் வேறு: காது கூராக, புருவம் மேலேறி, கறுப்பு உடையில், வலை சுடும் துப்பாக்கியோடு, குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவதுதான் லட்சியம் என்று வந்து, போகப்போக நல்லவராகிவிட்டவர். தற்பெருமையில் அவரை அடிக்க ஆள் கிடையாது. வில்லனைப் பிடிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதற்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொள்வார். பிற்பாடுதான் தெரிந்தது, அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல் என்று. சூப்பர்மேனை உருவாக்கினாரே, அதே சீகல். அவரும் ஓவியர் ஜோ ஷஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 1938இல் வெறும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். இந்த 130 டாலரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், என் மானம் பின்னால் அதில்தான் போகப் போகிறது.

பத்தாம் வகுப்பில் ஒரு சண்டை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க நானும் என் நண்பனும் கட்டிப் புரண்டோம். "மாயாவிகிட்டக் குதிரை இருக்குடா" என்கிறான் அவன். "ஏதுடா குதிரை, கைதான்டா இருக்கு" என்கிறேன் நான். "அவரு காட்டுல குகையில இருக்காருடா." "நிழற்படையில உளவாளியா வேலை பாக்குறவரு எதுக்குடா குகைக்குப் போறாரு?" சட்டைப் பொத்தான்கள் தெறித்த பிறகுதான் தெரிந்தது, அவன் படித்தது ராணி காமிக்ஸ் என்று. லீ ஃபாக் 1936இல் படைத்த ஃபாண்டத்துக்கு அங்கே 'முகமூடி வீரர் மாயாவி' என்று பெயர். இந்திரஜால் காமிக்ஸில் அவரே வேதாளர். ஆக, ஒருவருக்கு இரண்டு பெயர், ஒரு பெயருக்கு இரண்டு பேர். எனக்கு மூக்கில் ரத்தம்.

இனி இரண்டாவது கை.

என் மகன் பிளஸ் டூ. மார்வெல் படங்களை வரிசை தப்பாமல் ஒப்பிப்பான், தனிம அட்டவணை மட்டும் தப்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து ஒரு படம் பார்த்தேன். உலகம் அழிந்துகொண்டிருக்கிறது. நடுவில் நின்றுகொண்டு ஒரு ஹீரோ இன்னொரு ஹீரோவின் முடியைக் கிண்டல் செய்கிறார். அவர் பதிலுக்கு இவருடைய உடையைக் கிண்டல் செய்கிறார். மகன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பாத்திரம் செத்துப்போக, எல்லோரும் சுற்றி நின்று அழுதார்கள். அங்கே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் படத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் குடும்பத்தில் இருக்கத் தகுதியானவன்தானா என்று யோசிக்கிற பார்வை.

"எங்க ஸ்பைடர் இப்படியெல்லாம் ஜோக் அடிக்க மாட்டாருடா" என்றேன்.

"அப்ப போர் அடிக்கும்ப்பா."

"அடிக்காதுடா. அவரு சிரிக்காததனாலதான் நமக்குச் சிரிப்பு வரும்."

"எடுத்துக் காட்டுங்க பார்ப்போம்."

இங்கேதான் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மாறாக, பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய காமிக்ஸ் இன்னும் மிஞ்சியிருப்பதாகவும், இன்றைய விலைக்கு அது ஒரு புதையல் என்றும், சூப்பர்மேன் முதன்முதலில் வந்த புத்தகத்தின் ஒரே ஒரு பிரதி 2014இல் முப்பத்திரண்டு லட்சம் டாலருக்குப் போயிற்று என்றும் அளந்துவிட்டேன். டாலர் என்றதும் அடுப்படியிலிருந்து என் மனைவி வெளியே வந்தாள். "நெசமாவாங்க?" கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவள் என்னை இவ்வளவு மரியாதையாகப் பார்த்து நான் பார்த்ததில்லை. அந்தப் பார்வைதான் என்னை முக்காலிமேல் ஏற்றியது. முக்காலிமேல் ஒரு மரப்பெட்டி, பெட்டிமேல் நான். பரணில் கை பட்டது. டிரங்குப் பெட்டியும் இருந்தது. திறந்தேன். உள்ளே பித்தளைக் குத்துவிளக்கு இரண்டு, என் மனைவியின் சீர்வரிசையில் வந்த ஆப்பச்சட்டி, ஒரு பல்லி. பல்லிதான் முதலில் குதித்தது. நான் இரண்டாவது.

மாயாவி எத்தனை தடவை விழுந்திருக்கிறார் என்று சொன்னேனே, ஒரு தடவைகூட மணிக்கட்டு முறிந்ததில்லை. எனக்கு வலது மணிக்கட்டு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆறு வாரம் ஒற்றைக் கையோடு வீட்டில் இருக்கிறவன் என்ன செய்வான்? படம் பார்த்தேன். மகன் ரிமோட்டை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுத்தான், நான் பதிலுக்கு நம்ம ஊர் சரக்கை எடுத்துவிட்டேன்.

கந்தசாமி, 2009. விக்ரம் சேவல் வேஷத்தில் வந்து ஏழைகளின் கஷ்டத்தைத் தீர்க்கிறார். திருப்போரூர் முருகன் கோயில் மரத்தில் மக்கள் கோரிக்கையை எழுதிக் கட்டுகிறார்கள், அதை எடுத்துப் படித்து உதவுகிறார். அந்த யோசனை எனக்கு நிஜமாகவே பிடிக்கும். முருகன் கொடியில் இருக்கிற சேவல், மரத்தில் கட்டுகிற வேண்டுதல், இதெல்லாம் அமெரிக்காக்காரனுக்கு எந்த ஜென்மத்திலும் தோன்றாது. ஆனால் அந்தச் சேவல் கழுத்தை வெட்டி வெட்டி நடந்து வந்தபோது என் மனைவி, "இத அடைச்சி வெக்க ஒரு பஞ்சாரம் வாங்கணும்" என்றாள். அதோடு படம் முடிந்துபோயிற்று. திரையில் இன்னும் ரொம்ப நேரம் ஓடியது.

முகமூடி, 2012. மிஷ்கின், ஜீவா. குங்ஃபூ கற்ற பையன் முகமூடி போட்டுக்கொள்கிறான். இதில் யாரும் யாரையும் கிண்டல் செய்யவில்லை. எனக்குப் பிடித்திருக்க வேண்டும். ஆனால் பாருங்கள், எங்கள் ஸ்பைடருக்குத் தான் ஒரு மகா ஆள் என்கிற மகிழ்ச்சி இருக்கும். இந்தப் பையன் முகமூடியை என்னமோ ஹெல்மெட் மாதிரி, போலீஸ் பிடிக்குமே என்று போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது. மகன் கொட்டாவி விட்டான். அன்றைக்கு அவன் பக்கம்தான் நியாயம், அதை அவனிடம் சொல்லவில்லை.

அவெஞ்சர்ஸ் எண்ட்கேம், 2019, தமிழில். வசனம் ஏ.ஆர். முருகதாஸ். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல். அப்போது ரசிகர்கள் போட்ட சண்டை உங்களுக்கு நினைவிருக்கும், குரல் ஒட்டவே இல்லை என்று. என் மகன் இன்னும் அந்தக் காயத்திலிருந்து மீளவில்லை. "ப்பா, அயர்ன் மேன் டீக்கடையில நின்னு பேசுற மாதிரி இருக்குப்பா" என்றான். எனக்கு அதுதான் பிடித்தது, ஆனால் இரும்புச் சட்டைக்காரர் ஏற்கெனவே நக்கலாகத்தான் பேசுகிறவர். நக்கலுக்கு மேல் இன்னொரு நக்கல் குரல். சாம்பாரில் புளிக்குழம்பை ஊற்றிய மாதிரி.

நாலாவது வாரம் மாவீரன் பார்த்தோம். 2023, மடோன் அஷ்வின் இயக்கியது. சிவகார்த்திகேயன் பேப்பரில் படக்கதை போடுகிற ஒரு பயந்தாங்கொள்ளி. ஒரு கட்டத்தில் அவன் வரைகிற மாவீரனின் கதையைச் சொல்கிற மாதிரி ஒரு குரல் அவன் காதில் மட்டும் கேட்க ஆரம்பிக்கிறது. அவனைப் போ என்கிறது, அடி என்கிறது. அவன் மேலே பார்த்துக் கெஞ்சுகிறான், திட்டுகிறான். அந்தக் குரலும் விஜய் சேதுபதிதான்! நாலு வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் ஏசிய அதே குரல். இதில் தியேட்டரே கைதட்டியதாம். ஏன் என்று நினைக்கிறீர்கள்? அந்தக் குரல் சிரிக்கவே இல்லை. பழைய முத்து காமிக்ஸில் கட்டத்துக்கு மேலே சதுரம் போட்டு எழுதியிருப்பார்களே, அந்தத் தமிழில், அந்த விறைப்பில், கீழே நிற்கிறவனுக்கு வயிறு கலங்குகிறது என்பதைப் பற்றிக் கவலையே படாமல் வீரத்தை அறிவிக்கிறது. என் மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் சிரித்தது அதுதான் முதல் தடவை. "பாத்தியா, நான் சொன்னேன்ல" என்று கட்டுப்போட்ட கையை உணர்ச்சிவசப்பட்டு மேஜையில் தட்டிவிட்டேன். அதற்கப்புறம் சிரித்தது அவன் மட்டும்தான்.

அந்த உற்சாகத்தில் அப்பனும் மகனும் சேர்ந்து பெரம்பலூருக்கென்று ஒரு ஹீரோவைச் செய்ய உட்கார்ந்தோம். சாத்தனூர் கல்மரம் இருக்கிறதே, பன்னிரண்டு கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இருந்த இடத்தில் விழுந்து கல்லாகிப்போன அறுபதடி மரம், அதைத் தொட்டதால் கல் உடம்பு வாய்த்தவன். சக்தி, சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் நடை திறப்பதுபோல் திங்களும் வெள்ளியும் மட்டும். வில்லன் அரியலூர்க்காரன். சிக்கல் எங்கே வந்தது என்றால், வில்லன் தப்பித்து ரயிலேறிவிடுகிறான். நம்ம ஹீரோ அரியலூர் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். கல் உடம்பு, பறக்க முடியாது. பஸ்ஸில் போனால் முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கும். போய்ச் சேரும்போது ரயிலும் இல்லை, திங்கட்கிழமையும் இல்லை.

"இத ரீபூட் பண்ணலாம்ப்பா" என்றான் மகன். அதாவது, போன படம் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து எடுப்பதாம். எனக்கு இது புதிதாகவே தெரியவில்லை. திருச்சியிலிருந்து 1995இல் பெரம்பலூரைப் பிரித்தார்கள். 2001இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைப் பிரித்தார்கள். 2002இல் பிரித்ததே இல்லை என்று சேர்த்தார்கள். 2007இல் சேர்த்ததே இல்லை என்று மறுபடி பிரித்தார்கள். மாமா வீடு மாறாமலே இத்தனை மாவட்டத்தில் குடியிருந்தவர். ஒவ்வொரு தடவையும் விலாசத்தை அடித்து எழுதி எழுதி, கடைசியில் கடிதங்களில் 'அரியலூர், முன்பு சொன்ன அதே இடம்' என்று போட ஆரம்பித்துவிட்டார்.

சரி, அந்த டிரங்குப் பெட்டி. காமிக்ஸெல்லாம் எங்கே போயிற்று? இருபத்தைந்து வருஷமாக நான் சொல்லிவரும் பதில் ஒன்று உண்டு. அம்மா எடைக்குப் போட்டுவிட்டார் என்பதுதான் அது. இதை நான் கல்யாணமான புதிதில் மனைவியிடம் கண் கலங்கிச் சொல்லியிருக்கிறேன். மகனிடம், பெரியவர்கள் பிள்ளைகளின் ஆசையை மதிக்க வேண்டும் என்பதற்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். அம்மா இப்போது இல்லை, மறுக்க ஆளில்லை என்ற தைரியம். என் கையைப் பார்க்க வந்த தங்கச்சியிடம் என் மனைவி அந்தக் கதையை அப்படியே திருப்பிச் சொல்ல, தங்கச்சி காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மாவா போட்டுச்சு? ஏண்ணே, நீதானே சைக்கிள்ல வெச்சிக் கட்டிட்டுப் போன? ஜென்டில்மேன் படம் பாக்க காசு இல்லன்னு."

1993. எட்டு கிலோ. கிலோ இரண்டரை ரூபாய். மாயாவி, ஸ்பைடர், இரும்பு மனிதன் ஆர்ச்சி, லக்கி லூக் எல்லோரையும் சேர்த்து இருபது ரூபாய். அதில் நானும் நண்பனும் படம் பார்த்து, போண்டா தின்று, மீதி எட்டணாவைத் தங்கச்சிக்கு வாயை மூட லஞ்சமாகக் கொடுத்தது எனக்கு ஒரே நொடியில் ஞாபகம் வந்துவிட்டது. முப்பது வருஷம் அந்த எட்டணாவுக்கு விசுவாசமாக இருந்திருக்கிறாள், பாவம்.

"சூப்பர்மேனையே 130 டாலருக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"இருவது ரூபா டாலர்ல எவ்வளவுங்க?" என்றாள் மனைவி.

அன்று இரவு அவள் அம்மாவின் படத்துக்குப் பூ போட்டு, எனக்குக் கேட்கிற மாதிரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். தங்கச்சியும் சும்மா போகவில்லை. இருந்து சாப்பிட்டு, டால்டா டப்பா, ஆட்டுக்குட்டி, தகரக் கடை, அப்பாயி வரைக்கும் ஒன்று விடாமல் அண்ணிக்குச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். புத்தகத் திருவிழாவில் வாங்கின மாயாவி மறுபதிப்பு ஒன்று என்னிடம் இருக்கிறது. வழவழ தாள், கெட்டி அட்டை, கடைசிப் பக்கமும் உண்டு. அதன் விலையை மகன் கால்குலேட்டரில் போட்டு, நான் விற்ற எட்டு கிலோவுக்கு இப்போது என்ன வரும் என்று கணக்குப் பண்ணிச் சுவரில் ஒட்டியிருக்கிறான். பக்கத்தில் ஆப்பச்சட்டியின் விலையும் எழுதியிருக்கிறான், ஆறுதலுக்கு.

போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். மனைவியும் மகனும் கூட வந்திருந்தார்கள். மகன் கட்டு முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் நட்டும் போல்ட்டும் வரைந்து நிஜ இரும்புக்கை மாதிரியே ஆக்கி வைத்திருந்ததால், நர்ஸம்மா வெட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் ரசித்துப் பார்த்தார். வெட்டி எடுத்தார். உள்ளே என் கை வெளுத்துப்போய், சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த மாமா மாதிரி இருந்தது.

"சார், விரலை விரிங்க" என்றார் நர்ஸம்மா. "ஏன் சார் மடக்கியே வெச்சிருக்கீங்க?"

எனக்குப் பின்னால் இரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தது கேட்டது. நான் திரும்பவில்லை. சுவரில் ஸ்விட்ச்போர்டு எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.